ஆணைக்கும் ஓர் உயிர்வாழ் சான்று

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், விடிவதற்கு வெகுநேரம் முன்னரே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. முந்தைய நாள் நண்பகலில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் மாலையில் அரைபட்டு, இரவெல்லாம் புளித்து, அதிகாலையில் இட்லியாகி, கதிரவன் எழுமுன் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் மாநகரின் தெருக்களுக்குப் புறப்பட்டுவிடும். அந்த நேரத்தில் நம் வங்கியின் கணினிகளும் உறங்குவதில்லை. முந்தைய நாளின் வரவு செலவை முடித்து, ஒவ்வொரு சேமிப்புக் கணக்கிலும் அன்றைய இருப்புக்குரிய வட்டியைக் கணக்கிட்டு, விடிந்ததும் யார் கணக்கில் எந்தத் தவணையைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியலை அவை ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்.

இரண்டுமே நாள் தவறாமல் நடைபெறும் வேலைகள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மழை ஓயாமல் கொட்டி லோக்கல் ரயில்கள் நின்றுவிடும் என்று தோன்றினால், இட்லி வியாபாரம் செய்யும் பெண்மணி அன்று அரிசியைக் குறைத்தே ஊறப்போடுவார். கணினி வானத்தைப் பார்ப்பதில்லை. குறித்த தேதியில் குறித்த வேலையைச் செய்து முடிப்பது மட்டுமே அதற்கு இடப்பட்ட பணி.

சென்ற மழைக்காலத்தில் அத்தகைய பெண்மணி ஒருவர் நம் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். மாவரைக்கும் இயந்திரம் வாங்க வேறோரிடத்தில் கடன் பெற்றிருந்தார். அதன் தவணை, மாதந்தோறும் 5ஆம் தேதி நம் கிளையில் உள்ள அவருடைய கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். "சார், ரெண்டு நாள் மழையில யாவாரமே இல்லை. அஞ்சாம் தேதி கணக்குல முந்நூறு ரூபா குறைஞ்சு போச்சு. ஏழாம் தேதின்னா நானே கொண்டுவந்து கட்டியிருப்பேன். அதுக்குள்ள நீங்க ஒரு அபராதம், அவங்க ஒரு அபராதம்னா எப்படி சார்?" என்று கேட்டார். விதிகளை எடுத்துச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு அது விடையாகவில்லை என்பது நமக்கே தெரிந்தது.

அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை. தானாக நடைபெறும் பணப்பரிமாற்றங்கள் நன்மையானவை. அவற்றைப் பரப்பிய நாமே அவற்றைக் குறை கூறப்போவதில்லை. ஆனால் அவற்றுக்கு ஆணையிட்ட வாடிக்கையாளரும், ஆணையைப் பெற்றுக்கொண்ட நாமும் அதன் பின்னர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று அளிப்பதைப்போல, ஒவ்வொரு தானியங்கி ஆணைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் உயிர்வாழ் சான்று வேண்டும் என்பதே நம் கருத்து.

கணினிக்கு நேரம் சொல்லும் முறை

குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு கணினிக்குச் சொல்வது புதிய கலை அன்று. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயக்க அமைப்பில் 'கிரான்' என்னும் சிறு நிரல் இடம்பெற்றது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்வர். இன்றும் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் அது இயங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு எழுதும் ஆணை ஒரே ஒரு வரி. நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை என்னும் ஐந்து கட்டங்களை நிரப்பி, இறுதியில் செய்ய வேண்டிய வேலையின் பெயரை எழுதினால் போதும். எந்தக் கட்டத்தில் நட்சத்திரக் குறி இடுகிறோமோ, அதற்கு 'ஒவ்வொன்றும்' என்று பொருள்.

இந்த எளிய ஏற்பாட்டை இயக்குவோர் அறிந்திருக்க வேண்டிய சில இயல்புகள் உண்டு. தேதிக் கட்டத்தில் 31 என்று எழுதினால், பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் அந்த வேலை நடைபெறாது. குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், பழைய கிரான் அந்த வேலையைப் பின்னர் நினைவுகூர்ந்து செய்வதும் இல்லை. வேலை முடிந்தபின் ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால், ஆணையிட்டவருக்கு அது ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைக்கும். அந்த அஞ்சலை அவர் படித்தாரா என்று அது கேட்பதில்லை. முக்கியமாக, ஆணையை நீக்கும்வரை அது ஓயாது. எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டாலும், எழுதிய காரணம் மறைந்துவிட்டாலும், அந்த ஒரு வரி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வங்கிக் கடனுக்கோ காப்பீட்டுக்கோ நாம் கையொப்பமிட்டுத் தரும் பற்று ஆணைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதிவரை, யாருக்கு என்ற கட்டங்களே அதிலும் உள்ளன. கணினி அறிஞர் எழுதும் அந்த ஒற்றை வரியையே நாம் ஒவ்வொருவரும் பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம். மேலே சொன்ன இயல்புகள் அனைத்தும் ஏறத்தாழ அதற்கும் உரியவை.

பேரேடும் மனிதரும்

'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' எனப்படும் நிலையாணை, கணினி வருவதற்கு முன்பே வங்கிகளில் இருந்தது. அதற்கென ஒரு பதிவேடு உண்டு. குறித்த தேதி வந்ததும் எழுத்தர் அப்பதிவேட்டைப் பிரித்து, கணக்கில் பணம் உள்ளதா என்று பேரேட்டில் பார்த்து, பற்றுச் சீட்டு எழுதுவார். பணம் குறைவாக இருந்தால், அந்தத் தெருவில் குடியிருக்கும் கடைநிலை ஊழியரிடம் சொல்லி அனுப்பும் வழக்கமும் இருந்தது என்று நம் மூத்த அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று பிழைகளும் தாமதங்களும் மிகுதி. எழுத்தர் விடுப்பில் சென்றால் ஆணையும் விடுப்பில் சென்றுவிடும். ஆயினும் ஆணைக்கும் கணக்குக்கும் நடுவே ஒரு மனிதர் இருந்தார்.

1990களில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த இ.சி.எஸ். முறை, அந்த மனிதரின் இடத்தில் மின்னணுக் கோப்பை வைத்தது. பின்னர் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 'நாச்' எனப்படும் தேசியத் தானியங்கித் தீர்வக முறையை அமைத்தது. அக்கழகத்தின் தலைமையகம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ளது. தாராவிக்கும் அவ்வளாகத்துக்கும் இடையே இருப்பது மிட்டி ஆறு ஒன்றுதான். இன்று கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், பரஸ்பர நிதியின் மாத முதலீடு, ஊதியம், மானியம் எனப் பலவும் இம்முறையில் செல்கின்றன. 2020 ஜூலையில் யுபிஐ வழியாகவும் தானியங்கிப் பற்று வந்து சேர்ந்தது.

இம்மாற்றங்களால் வாடிக்கையாளர் அடைந்த நன்மைகளை மறுக்க இயலாது. சேமிப்புக் கணக்கின் வட்டியையே எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே எந்த இருப்பு மிகக் குறைவோ அதற்கு மட்டுமே வட்டி. 11ஆம் தேதி பணம் போட்டவருக்கு அந்தப் பணத்தின் மீது அம்மாதம் வட்டி கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. இரவுதோறும் அயராமல் கணக்கிடும் இயந்திரம் இருப்பதால்தான் இது இயன்றது. நெஃப்ட் முறையும் அவ்வாறே. 2019 டிசம்பர் 16 முதல் அது இரவும் பகலும், ஞாயிறும் திங்களும் என்ற வேறுபாடின்றி, அரைமணி நேரத்துக்கு ஒரு தொகுதியாக நாளொன்றுக்கு 48 முறை இயங்குகிறது. ஊரிலுள்ள தாய்க்கு மகன் ஞாயிற்றுக்கிழமை இரவில் அனுப்பும் பணம் மறுநாள் விடியக் காத்திருப்பதில்லை.

விடுமுறை இல்லாத தேதி

நன்மை வந்த வழியிலேயே ஒரு சங்கடமும் வந்தது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் முறை வாரத்தின் எல்லா நாள்களிலும் இயங்கத் தொடங்கியது. ஊதியமும் ஓய்வூதியமும் விடுமுறை நாளிலும் வரவாகும் என்பதே அனைவருக்கும் முதலில் தெரிந்த செய்தி. தவணையும் விடுமுறை நாளிலேயே பிடிக்கப்படும் என்பதைப் பலர் தாமதமாகவே உணர்ந்தனர். 'ஞாயிறுதானே, திங்களன்று போட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. 5ஆம் தேதி தவணை என்றால் 4ஆம் தேதி மாலைக்குள் பணம் கணக்கில் இருக்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? பணம் இல்லாமல் ஆணை திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். அதற்கு வரியும் உண்டு. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். திருப்பிச் செலுத்தும் வரலாற்றில் ஒரு கரும்புள்ளி விழும். 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போதிய பணமின்றித் திரும்பும் மின்னணுப் பற்றைக் காசோலை திரும்புவதற்கு நிகரான குற்றமாகவே கருதுகிறது. இரண்டாண்டு வரை சிறை, அல்லது தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. முந்நூறு ரூபாய்க் குறைவுக்கு யாரும் சிறை செல்வதில்லை என்றாலும், தாம் கையொப்பமிடும் தாளின் கனம் இன்னது என்பதை வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு 5ஆம் தேதி பொருத்தமான தேதி. 1ஆம் தேதி வரவு, 5ஆம் தேதி செலவு. தாராவியில் தோல் பை தைப்பவருக்கும், பழைய பிளாஸ்டிக் பிரிப்பவருக்கும், முறுக்கு சுற்றுபவருக்கும் 1ஆம் தேதி என்று ஒன்று தனியாக இல்லை. அவர்களுடைய வருமானம் நாளுக்கும் வாரத்துக்கும் உரியது. அங்கே மாலைதோறும் கடை கடையாக வரும் நாள்சீட்டுக்காரர் இதை நன்கு அறிவார். "இன்னைக்கு யாவாரம் சுமார், நாளைக்குச் சேர்த்துத் தாரேன் அண்ணாச்சி" என்றால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். சீட்டில் முறைப்படுத்தப்படாத ஆபத்துகள் பல உண்டு. அதனை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால், தன் வாடிக்கையாளரின் கையில் பணம் எப்போது வரும் என்று அவர் அறிந்திருக்கும் அளவுக்கு நாம் அறிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2025 ஆகஸ்ட் 1 முதல் யுபிஐ தானியங்கிப் பற்றுகள் காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையிலும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையிலும் உள்ள நெரிசல் நேரங்களைத் தவிர்த்து நடைபெற வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. கணினிகளின் சுமையைக் குறைக்க நல்ல வழிதான். இயந்திரத்தின் நெரிசலுக்காக ஒரு பற்றின் நேரத்தை நகர்த்த முடியுமானால், மனிதரின் நெருக்கடிக்காக அதன் தேதியை நகர்த்துவதும் முடியக்கூடியதே.

மே மாதக் கடைசி வாரம்

தவணை தவறினால் அபராதத்தோடு போய்விடும். காப்பீடு தவறினால் போவது வேறு. 2015 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில், எக்காரணத்தால் இறந்தாலும் வாரிசுதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 2022 ஜூன் 1 முதல் அதன் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். விபத்துக் காப்பீடான சுரக்‌ஷா திட்டத்துக்கு 20 ரூபாய். இரண்டும் ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை செல்லும். இரண்டின் பிரீமியமும் மே மாத இறுதியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும்.

அந்த மே மாதம் மும்பைத் தமிழருக்கு எத்தகைய மாதம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பள்ளி விடுமுறை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயிலேறும் காலம். கோயில் கொடை, கல்யாணம், வீட்டுக்குச் சுண்ணாம்பு என்று ஆண்டெல்லாம் சேர்த்த பணம் கரையும் காலம். ஊரில் ஏ.டி.எம்.மில் கடைசி ஐந்நூறையும் எடுத்துவிட்டு ரயிலேறும் குடும்பத்தின் கணக்கில், மே 31 அன்று 436 ரூபாய் இருப்பதில்லை. பிரீமியம் பிடிக்கப்படாது. ஜூன் 1 அன்று அக்குடும்பத்தின் காப்பீடு ஓசையின்றி முடிந்துபோகும். மழை தொடங்கிய பரபரப்பில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

பின்னர் மீண்டும் சேரலாம். ஆனால் அவ்வாறு சேர்ந்தவருக்கு முதல் 30 நாள்கள், விபத்தால் அன்றி வேறு காரணத்தால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு கிடையாது. கணக்குப் புத்தகத்தோடு கிளைக்கு வந்து, "போன வருஷம் புடிச்சிருக்கீங்களே, இந்த வருஷம் ஏன் புடிக்கலை?" என்று கேட்கும் குடும்பத்துக்கு விடை சொல்வதைவிடக் கடினமான வேலை நம் பணியில் வேறில்லை. பிடித்துவிட்டார்களே என்ற வருத்தத்தை ஆற்றலாம். பிடிக்கவில்லையே என்ற வருத்தத்தை ஆற்ற நம்மிடம் எதுவுமில்லை.

மறந்துபோன ஆணைகள்

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் உள்ள வாடிக்கையாளர்களுக்குச் சிக்கல் வேறு விதமானது. அங்கே பணம் குறைவதில்லை, ஆணைகள் மிகுந்துவிடுகின்றன. கணவர் மறைந்து எட்டு மாதம் கழித்து, கூட்டுக் கணக்கில் பெயர் மாற்றம் செய்ய அம்மையார் ஒருவர் வந்தார். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது அதில் ஐந்து ஆணைகள் உயிருடன் இருந்தன. முடிந்துபோன ஒரு பயிற்சி வகுப்பு, யாரும் பார்க்காத ஒரு திரைப்படச் சேவை, விற்றுவிட்ட கணினிக்கான பாதுகாப்பு மென்பொருள், படிக்காத ஓர் ஆங்கில இதழ். ஒவ்வொன்றும் சிறு தொகை. எட்டு மாதத்தில் சிறு தொகையாக இல்லை. நான்கையும் நிறுத்தச் சொன்னார். ஐந்தாவது, ஏழை மாணவர் கல்விக்கு மாதம் 500 ரூபாய். அதைக் கண்டு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது அவர் ஆசையாக் கொடுத்தது. என் பேர்ல இருக்கட்டும்" என்றார்.

ஆணைகளைத் திரும்பிப் பார்ப்பது நீக்குவதற்கு மட்டுமன்று என்பதை அன்று கற்றுக்கொண்டோம். தொடர வேண்டியதைத் தெரிந்தே தொடர்வதும் அதன் பயன்தான்.

இத்தகைய மறதிக்கு எதிராக ரிசர்வ் வங்கி ஒரு வேலி அமைத்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் அட்டைகளுக்கெனத் தொடங்கி, பின்னர் யுபிஐக்கும் விரிவுபடுத்தி, 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அட்டை, மின்பணப்பை, யுபிஐ வழியான தொடர் பற்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்ற விவரமும், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் வழியும் அதில் இருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு பற்றுக்கும் மறுபடி கடவு எண் கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். காப்பீட்டுப் பிரீமியம், பரஸ்பர நிதி, கடனட்டைக் கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் இவ்வரம்பு ஒரு லட்சம் ரூபாய்.

வேலி நல்ல வேலி. ஆனால் அறிவிப்பு எந்தக் கைபேசிக்குப் போகிறது? கணக்கு தொடங்கிய நாளில் கொடுத்த எண், இன்று ஊரிலுள்ள மைத்துனரிடம் இருக்கலாம். மகனின் எண்ணாக இருந்து, மகன் வேலைக்குத் துபாய் சென்றிருக்கலாம். சரியான கைபேசிக்கே வந்தாலும் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு வரும் இருபது விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அதுவும் ஒன்றாகப் புதைந்துவிடுகிறது. கிரான் அனுப்பும் மின்னஞ்சலின் கதைதான் இங்கும்: செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது, படிப்பார் இல்லை.

இயந்திரம் தடுமாறிய நாள்கள்

மனிதர் தவறினால் மட்டும் இடர் என்று எண்ணுவதற்கில்லை. 2012 ஜூன் மாதம் பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவுநேர வேலைகளை வரிசைப்படுத்தி இயக்கும் மென்பொருளைப் புதுப்பித்தபோது பிழை நேர்ந்தது. அதன் நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகள் உட்படக் குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கணக்கில் சரியான இருப்பு தெரியவில்லை. வீட்டுக் கடன் தவணைகள் உரிய நாளில் செல்லவில்லை. சில நிறுவனங்களால் ஊதியம் வழங்க இயலவில்லை. 2014 நவம்பரில் அந்நாட்டின் இரு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. வரிசை ஒன்று குலைந்ததன் விலை அது.

நம் நாட்டில் 2020இல் நடந்ததோ வேறு வகை. அப்போது இயந்திரம் பிழையின்றி ஓடியது, உலகம் நின்றுவிட்டது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் பற்று ஆணைகள் முன்பே கொடுக்கப்பட்டவை. சில வங்கிகள் தாமாகவே அவற்றை நிறுத்தின. சில வங்கிகள் வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் நிறுத்தின. தாராவி அடைக்கப்பட்டுக் கிடந்தபோதும், குடும்பங்கள் ஊர் திரும்ப வழி தேடிக்கொண்டிருந்தபோதும், விருப்பம் தெரிவிக்கத் தெரியாதவர் கணக்குகளில் தவணை நாள் தவறாமல் முயன்று பார்க்கப்பட்டது. கணினிக்கு யாரும் ஊரடங்கு என்று சொல்லியிருக்கவில்லை.

நவம்பர் வழக்கம்

செம்பூரில் அணுசக்தித் துறையிலும் ரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் பலர் வாழ்கின்றனர். நவம்பர் பிறந்தால் அவர்கள் கிளைக்கு வருவார்கள். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே வரலாம். உயிர்வாழ் சான்று அளிப்பதற்காக வரும் அவர்களில் சிலர், "இதோ உட்கார்ந்திருக்கேனே, இன்னும் என்ன சான்று?" என்று வேடிக்கையாகக் கேட்பதும் உண்டு. 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையால் இன்று கைவிரல் ரேகையோ முகப் பதிவோ கொண்டு வீட்டிலிருந்தே அச்சான்றை அளிக்க முடிகிறது. ஆனால் சான்றே தேவையில்லை என்று அரசு சொல்லிவிடவில்லை. மாதந்தோறும் தானாக வரவாகும் ஓய்வூதியத்துக்கு ஆண்டில் ஒரு நாளேனும் ஒரு மனிதர் 'ஆம், தொடரட்டும்' என்று சொல்ல வேண்டும். தானியங்கி ஏற்பாடு ஒன்றில் வேண்டுமென்றே விட்டுவைத்த மனித இடம் அது.

பணம் வருவதற்கு இத்தனை எச்சரிக்கை இருக்கும்போது, பணம் போவதற்கும் அது வேண்டும் என்கிறோம். அதே நவம்பரை ஆணைகளின் மாதமாகவும் கொள்ளலாம். கடந்த பன்னிரண்டு மாதக் கணக்கறிக்கையைக் கிளையிலோ செயலியிலோ பெற்று, திரும்பத் திரும்ப வரும் பற்றுகளைக் கோடிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். இது இன்னும் தேவைதானா? இந்தத் தேதி நம் வருமானத்துக்குப் பொருந்துகிறதா? இதைப் பற்றிய செய்தி நம் கைபேசிக்கு வருகிறதா?

தேவையற்ற யுபிஐ ஆணையைச் செயலியிலேயே நிறுத்திவிடலாம். நாச் ஆணையை நிறுத்தக் கிளையில் விண்ணப்பம் கொடுக்கலாம். ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு, அதைக் குறிப்பிட்டால் வேலை எளிது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஆணையை நிறுத்துவது கடனை நிறுத்துவது ஆகாது. கடன் இருக்கும்வரை வேறு வழியில் தவணை செலுத்த வேண்டும். புதிய ஆணையில் கையொப்பமிடும்போது உச்சத் தொகை, முடிவுத் தேதி ஆகிய இரு கட்டங்களை நிதானித்துப் படியுங்கள். 4,000 ரூபாய்த் தவணைக்கு அதைவிடப் பெரிய தொகையை உச்சமாக எழுதிக் கேட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காப்பீட்டு ஆணை உள்ளவர்கள், ஊருக்கு ரயிலேறுமுன் 500 ரூபாயைக் கணக்கில் விட்டுச் செல்லுங்கள்.

வாடிக்கையாளருக்கு இத்தனை சொல்லும் நாம், நம் கடமையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தவணைத் தேதியைப் படிவத்தில் நாமே அச்சடித்து வைக்காமல், "உங்களுக்குப் பணம் என்றைக்கு வரும்?" என்று கேட்டு எழுத வேண்டும். நாள்கூலி பெறுவோருக்கு மாதத் தவணையை வாரத் தவணையாகப் பிரித்துக் கொடுக்க வழி காண வேண்டும்; யுபிஐ ஆணைகளில் வார முறை முன்னரே உள்ளது. பற்றுக்கு முந்தைய அறிவிப்பை வாடிக்கையாளர் படிக்கும் மொழியில் அனுப்ப வேண்டும். முதல் முறை தவறியவருக்கு, கட்டணம் பிடிக்குமுன் இரண்டு நாள் அவகாசம் அளிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, உயிருடன் உள்ள எல்லா ஆணைகளின் பட்டியலையும் ஒரே தாளில், கேட்காமலே, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அனுப்ப வேண்டும். இவற்றில் எதுவும் கணினிக்குக் கடினமான வேலை அன்று. கிரானில் ஒரு வரி எழுதினால் போதும்.

இதனால் வங்கிகளுக்குக் கட்டண வருவாய் குறையுமே என்று சிலர் கேட்கலாம். குறையட்டும். திரும்பிய ஆணைகளிலிருந்து வரும் வருவாய், நம் சேவைக்காகக் கிடைத்த ஊதியம் அன்று. தவறாமல் தவணை கட்டுபவரே நமக்கு நீண்டகால வாடிக்கையாளர். அவர் தவறாமல் கட்ட உதவும் தேதியைத் தேர்ந்தெடுப்பது நம் தொழிலின் ஒரு பகுதியே.

இட்லி வியாபாரம் செய்யும் அந்தப் பெண்மணி, கடன் கொடுத்தவர்களிடம் நம் கடிதத்தோடு இருமுறை சென்று வந்த பிறகு, அவருடைய தவணைத் தேதி 12க்கு மாறியது. அவருக்கு மாதச் சமையல் ஒப்பந்தப் பணம் வரும் தேதி 10. இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவைப்படவில்லை. அவரைக் கேட்டோம், சொன்னார். கடன் வாங்கிய நாளில் யாராவது கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

வரும் நவம்பரில் சான்று அளிக்கக் கிளைக்கு வரும் பெரியவர்கள், தங்கள் கணக்கின் ஆணைப் பட்டியலையும் கேட்டு வாங்கிச் செல்லுமாறு வேண்டுகிறோம். உடன் வரும் பிள்ளைகளும் தங்கள் பட்டியலைக் கேட்கலாம். அச்சிட்டுத் தருவதற்கு நாம் காத்திருக்கிறோம்.